முன்னோருக்கு வைக்கிற படைப்புக்கு வர்ற பிள்ளைகளுக்கு நம்ம வீட்டோட வேலைப்பாட்டைக் காட்டணும், எப்படிப் பண்ணலாம்?

வளவுக்கோலம்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதிருக்கேன், பொறுமையா படிச்சுட்டு யோசனை சொல்லுங்க.

எங்க வீட்டுக்காரரோட பங்காளிக வீடு செட்டிநாட்டுல கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஊர்ல இருக்கு. பொது வீடு, வருசத்துல முக்காவாசி நாள் பூட்டியேதான் கிடக்கும். வர்ற வைகாசி கடைசில படைப்பு வச்சிருக்கோம், சிங்கப்பூர், பெங்களூரு, சென்னைன்னு எல்லாப் புள்ளியும், அதாவது எல்லாக் குடும்பமும், வர்றதா சொல்லிட்டாக, பிள்ளைக மட்டுமே இருபத்தஞ்சு முப்பது இருக்கும். போன தடவை என்ன ஆச்சுன்னா பெரியவுக எல்லாம் படைப்பு வேலைல இருந்தோம், பிள்ளைக பட்டாலைக் கூடத்துல வரிசையா உக்காந்து போன் பார்த்துட்டு மறுநாள் கிளம்பிப் போயிட்டாக. அதுல ஒரு பொண்ணு, எட்டு வயசு, போறப்ப என்கிட்ட வந்து "மேல துப்பாக்கி வச்சுக்கிட்டு நிக்கிறது யாரு"ன்னு கேட்டுச்சு. முகப்புக்கு மேல சுதைல நடுவுல லட்சுமி, ரெண்டு பக்கமும் தொப்பி போட்ட வெள்ளைக்கார சிப்பாய், அதைத்தான் கேட்டிருக்கு. எனக்குப் பதில் தெரியல. கல்யாணமாகி பதினாலு வருசமா அந்த வாசலுக்குள்ள போயி வந்துட்டு இருக்கேன், ஒரு நாள்கூட நான் அண்ணாந்து பார்க்கல. அன்னைலேருந்து அது மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

அதனால இந்தத் தடவை படைப்புக்கு முந்தின சனிக்கிழமை ஒரு நாள் பிள்ளைகளுக்காகவே ஒதுக்கலாம்னு கேட்டு, பங்காளிககிட்ட ஒரு வழியா சம்மதம் வாங்கிட்டேன். காலைல யாராவது ஒருத்தர் வீட்டைப் பத்திப் பேசணும், அப்புறம் பிள்ளைகளும் அப்பா அம்மாவும் சேர்ந்து கையால ஏதாவது செய்யணும். பெரிய ஊர்கள்ல ஆர்ட் மியூசியத்துல குடும்பத்தோட வந்து பார்க்குற மாதிரி நிகழ்ச்சி நடத்துறாகள்ல, அது மாதிரி.

வீட்ல என்ன இருக்குன்னா, நிலைவாசல்ல நல்ல மர வேலை இருக்கு, மேல கஜலட்சுமி, ரெண்டு பக்கமும் கொடி, கிளி. வளவுல, அதாவது வீட்டு நடு முற்றத்துல, ஒரே கல்லுல நிக்கிற தூண். ரெண்டாங்கட்டுல தரைக்கு ஆத்தங்குடி கல்லு (சிமெண்ட் டைல்ஸ்). சுவர்ல அடிப்பக்கம் ஜப்பான் டைல்ஸ் கொஞ்சம். கண்ணாடி ஓவியம் நாலு, ரவிவர்மா படம் ஆறேழு, அதுல ரெண்டுக்கு யாரோ ஒரு ஆயா (பாட்டி) ஜரிகையும் ஜிகினாவும் வச்சுத் தச்சிருக்காக. எனாமல் பாத்திரம், ஓலைல பின்னின கொட்டான், பழைய குரூப் போட்டோ.

இவ்ளோத்தையும் ஒரு நாள்ல எப்படிக் காட்டுறது? யாரைக் கூப்பிட்டுப் பேச வைக்கிறது? காரைக்குடி காலேஜ்ல வரலாறு படிச்சவுகளைக் கூப்பிடலாமா? தெரிஞ்சவுக சொல்லுங்க.

தேவகோட்டை ட்ராயிங் மாஸ்டர்:

வணக்கம்மா. நான் முப்பத்தோரு வருசம் பள்ளிக்கூடத்துல ஓவிய ஆசிரியரா இருந்து ரிட்டயர் ஆனவன். உங்க லிஸ்ட்டைப் படிச்சதும் சொல்லணும்னு தோணுச்சு, அதுல இருக்கறதுல மூணை மட்டும் எடுத்துக்கோங்க, மிச்சத்தை அடுத்த படைப்புக்கு வச்சுக்கோங்க. எல்லாத்தையும் காட்டினா ஒண்ணும் நிக்காது. நான் பிள்ளைகளை டூர் கூட்டிட்டுப் போனப்ப எல்லாம் பார்த்தது இதுதான், காலைல ஆறு இடம் பார்த்துட்டு வந்த பையன் சாயங்காலம் கேட்டா பரோட்டா சாப்பிட்டதைத்தான் சொல்லுவான். அதே பையனை ஒரு தூணுக்கு முன்னாடி முக்கால் மணி நேரம் உக்கார வச்சு வரையச் சொன்னா, பத்து வருசம் கழிச்சு பஸ் ஸ்டாண்டுல பார்த்து "சார் அந்தத் தூணு"ன்னு ஆரம்பிக்கிறான்.

நிலைவாசலை எடுத்துக்கோங்க. பிள்ளைகளைத் தரைல உக்கார வச்சு ஆளுக்கு ஒரு பென்சில், ஒரு அட்டை. முழு நிலையும் வரையச் சொல்லாதீங்க, பயந்துருவாக. ஒரு சாண் நீளம் மட்டும், எந்த சாண்ணு அவுகளே எடுத்துக்கட்டும். ஒருத்தருக்குக் கிளி வரும், ஒருத்தருக்கு வெறும் இலை வரும், இன்னொருத்தருக்கு பூவோட முனை. கடைசில எல்லா அட்டையும் வளவுத் தரைல வரிசையா அடுக்கினா நிலையோட ஒரு பக்கம் அப்படியே எழுந்து நிக்கும். அப்பா அம்மாவும் கட்டாயம் வரையணும், சும்மா பக்கத்துல நின்னு "அப்படி இல்லடா, இப்படி"ன்னு சொல்லக் கூடாது, இது ரொம்ப முக்கியம்.

துப்பாக்கிச் சிப்பாய் யாருன்னு கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லுங்கம்மா. பர்மா, மலாயா, இலங்கைன்னு கடல் தாண்டிப் போயி கொடுக்கல் வாங்கல் பண்ணினவுக கட்டின வீடு இதெல்லாம். 1800கள்ல பின்பாதில ஆரம்பிச்சு 1930, 40கள் வரைக்கும் கட்டினது. பர்மாவுலேருந்து தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடின்னு அங்கங்க பார்த்ததெல்லாம் கப்பல் ஏறி வந்துச்சு. அப்ப ஆட்சி வெள்ளைக்காரன் ஆட்சி, வாசலுக்குக் காவல்னா சுதை வேலைக்காரன் கண்ணுல பட்ட காவல் அந்த சிப்பாய்தான். கோயில் கோபுரத்துல துவாரபாலகர் நிக்கிற இடம் அது. இதை அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டு "இப்ப நீ வீடு கட்டினா அந்த எடத்துல யாரை நிறுத்துவே"ன்னு கேட்டு வரைய விடுங்க, அது ஒரு மணி நேரம் ஓடும்.

ஒரு எச்சரிக்கை. கண்ணாடி ஓவியம் கண்ணாடிக்குப் பின்பக்கம் வரைஞ்சது. நிகழ்ச்சிக்கு முன்னாடி யாராவது நல்லெண்ணத்துல கழட்டி ஈரத்துணி வச்சுத் துடைச்சுருவாக, ஈரம் உள்ள இறங்குச்சுன்னா பெயிண்ட் செதில் செதிலா வந்துரும். தொடவே வேண்டாம், தொங்குற எடத்துலயே தொங்கட்டும். ஜரிகை தச்ச படத்துக்கிட்ட ஃப்ளாஷ் போட்டு போட்டோ எடுக்க விடாதீங்க. தண்ணி, ஜூஸ், இங்க் பேனா எதுவும் பக்கத்துல வரக்கூடாது, பென்சில் மட்டும்.

அப்புறம் காகிதத்தை விட்டுறாதீங்க. பழைய கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், லேபிள் எதாவது பெட்டகத்துல கிடக்கும். கோட்டையூர்ல ரோஜா முத்தையான்னு ஒருத்தர் இருந்தாரு, சைன்போர்டு ஓவியர், வாழ்நாள் முழுக்க புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், அழைப்பிதழ்னு மத்தவுக தூக்கிப் போட்டதை எல்லாம் சேர்த்து வச்சாரு. 1992ல அவரு இறந்த பிறகு அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்குச்சு, 1994ல சென்னைல அவரு பேர்லயே ஆராய்ச்சி நூலகம் வந்துச்சு. கோட்டையூர் உங்களுக்கு எட்டுற தூரம்தான். பிள்ளைகளுக்கு இவரைப் பத்திக் கட்டாயம் சொல்லுங்க.

சிராங்கூன் ஆச்சி:

வளவுக்கோலம் தங்கச்சி, படிச்சதும் அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. எனக்குப் பிறந்த ஊர் பள்ளத்தூர், இப்ப இருக்கறது சிங்கப்பூர், இங்க மியூசியத்துல சுத்திக் காட்டுற வாலண்டியரா ஆறு வருசமா போயிட்டு இருக்கேன். அதனால நீங்க கேட்டது எனக்கு நல்லாத் தெரிஞ்ச விசயம்.

முதல்ல ஒண்ணு, உங்க சிங்கப்பூர்ப் பிள்ளைக இங்க லிட்டில் இந்தியால இருக்கற இந்திய மரபுடைமை நிலையத்துக்கு ஸ்கூல்ல போயிருந்தாலும் போயிருப்பாக, 2015ல திறந்தது. அதுல பெரிசா நிக்கிறது ஒரு செட்டிநாட்டு நிலைக்கதவு, 19ஆம் நூற்றாண்டு கடைசில செஞ்சது, 5000 நுணுக்கமான செதுக்கல் இருக்குன்னு சொல்லுவாக. நான் முதல் தடவை அதுக்கு முன்னாடி நின்னப்ப அழுகை வந்துருச்சு, எங்க ஐயா அதே மாதிரி நிலைல சாஞ்சு உக்காந்துதான் வெத்தலை போடுவாக. அங்க நிக்கிற பிள்ளைகளுக்கு அது பார்க்குற பொருள், தொட முடியாது. உங்க வீட்ல அது வழி, அதைத் தாண்டித்தான் உள்ள போகணும். இதைப் பிள்ளைக உணரட்டும், அந்தக் கதவைப் பார்த்தவுக இருக்காகளான்னு கேட்டு அங்கேருந்தே பேச்சை ஆரம்பிங்க.

அடுத்தது பேச்சு. யாரையும் மைக் பிடிச்சு ஒரு மணி நேரம் பேச விடாதீங்க. நாங்க பிள்ளைகளோட நிக்கிறப்ப மூணே கேள்விதான் கேப்போம், என்ன நடக்குது இதுல, எதை வச்சு அப்படிச் சொல்றே, இன்னும் என்ன தெரியுது. நியூயார்க்ல மாடர்ன் ஆர்ட் மியூசியத்துல கல்விப் பிரிவைப் பார்த்துக்கிட்ட பிலிப் யெனவைனும் அபிகெய்ல் ஹவுசன்னு ஒரு அம்மாவும் சேர்ந்து உருவாக்கின முறை இது, இப்ப உலகம் பூரா மியூசியத்துல பண்றாக. கேக்குறதுக்கு ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா ரெண்டாவது கேள்விலதான் எல்லாம் இருக்கு. "இந்த அம்மா சோகமா இருக்காக"ன்னு ஒரு பிள்ளை சொல்லுவான், எதை வச்சுச் சொல்றேன்னு கேட்டா மறுபடி படத்தைப் பார்ப்பான், கண்ணு கீழ பார்க்குது, கை சும்மா தொங்குதுன்னு அவனே கண்டுபிடிப்பான். சரி தப்புன்னு நாம சொல்லக்கூடாது, அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் கையால காட்டினா போதும்.

இதுக்கு உங்க ஜரிகை தச்ச ரவிவர்மா படம் அருமையா பொருந்தும். ரவிவர்மாவோட அச்சுக்கூடம் 1894ல மும்பைல ஆரம்பிச்சது, ஒரே படம் ஆயிரக்கணக்குல அச்சாகி வீடு வீடாப் போச்சு. ஆனா எங்கயோ அச்சான அந்த லட்சுமிக்கு உங்க வீட்டு ஆயா சேலைக்கு ஜரிகை வச்சு, கழுத்துல மணி கோத்துத் தச்சிருக்காகள்ல, அதுக்கப்புறம் அந்தப் படம் உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான். பிள்ளைககிட்ட ஒரு லென்ஸ் கொடுத்துத் தையலைப் பார்க்கச் சொல்லுங்க. ஒரே படத்துல கிட்டப் போறது, தள்ளி நிக்கிறது, மறுபடி கிட்டப் போறதுன்னு இருபது நிமிசம் இருப்பாக, நான் பார்த்திருக்கேன்.

பத்துப் பிள்ளைக்கு மேல ஒரு குழுல வேண்டாம். நீங்க மூணு குழுவாப் பிரிச்சுக்கோங்க.

ஆத்தங்குடி தம்பி:

அக்கா வணக்கம், எங்க வீட்ல மூணு தலைமுறையா கல்லு போடுறோம். ஆத்தங்குடி கல்லைப் பத்திச் சொல்லியே ஆகணும்.

நிறையப் பேரு அது சூளைல சுடுறதுன்னு நினைச்சுட்டு இருக்காக, சுடுறதே கிடையாது. கண்ணாடி மேலதான் கல்லோட முகம் உருவாகுது. ஒரு சதுரக் கண்ணாடி, சுத்தி இரும்புச் சட்டம், உள்ள பூ டிசைன் அச்சு. கலர் கலந்த சிமெண்ட்டை இட்லி மாவை விட இளக்கமா கரைச்சு ஒவ்வொரு அறைக்குள்ளயும் கரண்டில ஊத்தணும், ஒரு கலர் இன்னொரு கலருக்குள்ள போகக்கூடாது. அப்புறம் அச்சை நேரா மேல தூக்கணும், கை ஒரு நூல் ஆடினாலும் இதழ் கலைஞ்சுரும், எங்க அப்பா இந்த ஒரு விசயத்தை எனக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு வருசம் ஆச்சு. அப்புறம் மேல காஞ்ச சிமெண்ட்டும் மணலும் தூவுவோம், அது கலர்ல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும், அதுக்கு மேல ஈரக் கலவை போட்டு மட்டம் பண்ணிருவோம். ஒரு நாள் நிழல்ல காயணும், அப்புறம் ஒரு வாரம் பத்து நாள் தண்ணித் தொட்டில கிடக்கும். எடுத்துக் காய வச்சா கண்ணாடி தானா கழண்டு வரும். அந்தப் பளபளப்பு கண்ணாடியோட முகம் கல்லுல இறங்கினது. அதுக்கப்புறம் வீட்ல இருக்கறவுக நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க இன்னும் ஏறும், தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பாக.

பூட்டின வீட்டுக் கல்லு மங்கிப் போறதுக்கு காரணம் இதுதான்க்கா, யாரும் நடக்கல.

பிள்ளைகளுக்கு என்ன பண்ணலாம்னா, சிமெண்ட்டைக் கைல கொடுக்க வேண்டாம், தோல் வெந்துரும், சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டாம். அச்சு நான் நாலு கொண்டு வர்றேன். கலர் கோலப்பொடியை அதுல நிரப்பி அச்சைத் தூக்கிப் பழகட்டும், தூக்குறதுதான் வித்தை, அது கைக்குத் தெரிஞ்சா போதும். பன்னெண்டு வயசுக்கு மேல இருக்கறவுக கிளவுஸ் போட்டுக்கிட்டு நிஜக் கல்லு ஒண்ணு போடட்டும், நான் பக்கத்துல நிக்கிறேன். அது கண்ணாடி விட்டு வர நாளாகும், அதுக்குள்ள அவுக ஊருக்குப் போயிருவாக, பரவால்ல, பேரு எழுதி வைப்போம். அதை அந்த வீட்லயே எங்கயாவது பதிச்சுட்டா அடுத்த படைப்புக்கு வந்து தேடுவாக.

ஒண்ணு வெளிப்படையாச் சொல்றேன், தப்பா எடுக்காதீங்க. இப்படி ஒரு நிகழ்ச்சிக்கு எங்களைக் கூப்பிடுறவுக நிறைய, மேடைல பொன்னாடை போடுவாக, அன்னைக்கு வேலை கெட்டுப் போச்சேன்னு யாரும் கேக்க மாட்டாக. போன வருசம் ஒரு இடத்துல நாள் முழுக்க நாலு பேரு போயி கல்லு போட்டுக் காட்டினோம், பெட்ரோலுக்கு மட்டும் கொடுத்தாக. நீங்க ஆசாரி, கொத்தனார், யாரைக் கூப்பிட்டாலும் ஒரு நாள் கூலியை முன்னாடியே பேசிருங்க. அப்பத்தான் அவுக மனசோட பேசுவாக.

வளவுக்கோலம்:

தம்பி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. கூலி பேசித்தான் கூப்பிடுவேன், உங்களுக்கும் சேர்த்துத்தான், மெசேஜ் பண்றேன். மாஸ்டர் சார், ஆச்சி, ரெண்டு பேரும் சொன்னதை நோட்டுல எழுதி வச்சுட்டேன். மூணு பொருள்னா நிலைவாசல், ஜரிகைப் படம், ஆத்தங்குடி கல்லு. கோலம் விட்டுப் போகுதேன்னு மனசு கேக்கல.

பலவான்குடிப் பேத்தி:

கோலத்தை விடாதீங்க அக்கா!! எங்க ஆயாவுக்கு எண்பத்தி ரெண்டு வயசு, பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன்.

நடுவீட்டுக் கோலம் வாசக் கோலம் மாதிரி இல்லையாம். அது பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் வீட்டுக்குள்ள போடுறது. பச்சரிசி ஊற வச்சு அம்மில மையா அரைக்கணும், மிக்ஸில அரைச்சா கொரகொரப்பு இருக்கும் கோடு உடையும்னு ஆயா சொல்றாக. சின்னத் துணியை மாவுல நனைச்சு உள்ளங்கைல வச்சு மெதுவா பிழியணும், மாவு மோதிர விரல் வழியா இறங்கும், அந்த விரல்தான் பேனா. கை தரைல படாது, விரல் நுனி மட்டும்தான் படும். "பிழியறது மூச்சு மாதிரி, ஒரே சீரா இருக்கணும், அவசரப்பட்டா கோடு தடிச்சுரும்"னு ஆயா சொல்றாக, அப்படியே எழுதச் சொன்னாக.

நான் ஆறாவது படிக்கிறப்ப ஆயா பக்கத்துல உக்காந்து முதல் கோடு போட்டேன், கோணல் மாணலா போச்சு, அழிக்கப் போனேன், ஆயா கையைப் பிடிச்சுக்கிட்டு "கிடக்கட்டும், பொங்கப் பானைக்குத் தெரியாது"ன்னாக. அந்தக் கோடு காய்ஞ்சதுக்கு அப்புறம் பார்த்தா வெள்ளையா நிமிர்ந்து தெரிஞ்சுது, ஈரத்துல தெரியாது, மாக்கோலம் காயக் காயத்தான் வெளிச்சம் வரும். பிள்ளைக போட்டுட்டு "ஒண்ணுமே தெரியலையே"ன்னு எந்திரிச்சுப் போயிருவாக, கால் மணி நேரம் காக்க வைங்க.

ஆயாகிட்ட படம் எதுவும் இல்ல, நோட்டு எதுவும் இல்ல, எல்லாம் விரல்லதான் இருக்கு. உங்க வீட்ல பெரியவுக யாராவது இருந்தா அவுகளைப் பேச்சாளராக் கூப்பிடுங்க அக்கா, காலேஜ்ல போயித் தேட வேண்டாம். நாற்காலி போட்டு உக்கார வச்சு, பிள்ளைக தரைல போடப் போட அவுக மேலேருந்து சொல்லட்டும். கொட்டான் பின்னத் தெரிஞ்ச ஆளும் உங்க ஊர்லயே இருப்பாக, நம்ம செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு, காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கும் 2019ல கிடைச்சுது. ஆனா ஒரு நாளைக்கு இதெல்லாம் கூடுதல், மாஸ்டர் சார் சொன்ன மாதிரி அடுத்த தடவை பார்த்துக்கலாம்.

கொத்தனார் மகள்:

எல்லாரும் நல்லாச் சொல்லிருக்கீங்க. நான் வேற பக்கத்துலேருந்து ஒண்ணு கேக்குறேன். எங்க தாத்தாவும் அவுக அப்பாவும் அந்த வீடுகளுக்குப் பூச்சு வேலை பார்த்தவுக. நான் இப்ப இங்க ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துல டீச்சர். எங்க பள்ளிக்கூடத்துலேருந்து நாலு தெரு தள்ளி பெரிய பெரிய வீடு, எங்க பிள்ளைக தினம் அதைத் தாண்டித்தான் வருதுக, ஒரு பிள்ளைகூட உள்ள போயிப் பார்த்ததில்ல. அஞ்சாப்புப் பையன் ஒருத்தன் "டீச்சர் உள்ள என்ன இருக்கும்"னு கேட்டான். அவனோட கொள்ளுத்தாத்தா அந்த வளவுச் சுவரைத் தேய்ச்சிருப்பாரு, எனக்கு நிச்சயமாத் தெரியும்.

அந்தப் பூச்சுக்கு சுண்ணாம்பை நாள்கணக்கா ஊற வச்சு அரைப்பாக, கடுக்காய்த் தண்ணி, கருப்பட்டி, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. அடுக்கு அடுக்காப் பூசி, ஒவ்வொரு அடுக்கும் காயுறதுக்கு முன்னாடி கல்லு வச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சு மார்பிள் மாதிரி கொண்டு வருவாக. எங்க தாத்தாவுக்கு வலது கை கட்டைவிரல் ரேகையே இருக்காது. ரேஷன் கார்டுக்குக் கைநாட்டு வச்சா மை மொத்தையா ஒட்டும். பிள்ளைகளை அந்தச் சுவர்ல கன்னத்தை வச்சுப் பார்க்கச் சொல்லுங்க, வைகாசி வெயில்லயும் சில்லுன்னு இருக்கும். அதுக்கப்புறம் யாரு தேய்ச்சாகன்னு சொல்லுங்க.

அதனால என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு, உங்க பங்காளி வீட்டுப் பிள்ளைகளோட உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக பத்துப் பேரையாவது உள்ள கூப்பிடுங்க. தனியா ஓரமா உக்கார வைக்காம கலந்து உக்கார வைங்க. உங்க பிள்ளைகளுக்கு வீட்டைத் தெரியாது, எங்க பிள்ளைகளுக்கு ஊரைத் தெரியும், ரெண்டும் ஒண்ணு சேர்ந்தாத்தான் பேச்சு வரும்.

இன்னொண்ணு, இந்த வீடுகளை இடிச்சு நிலையும் தூணும் ரவிவர்மா படமுமாப் பிரிச்சு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல கடை கடையா நிக்கிறதை நீங்களும் பார்த்திருப்பீங்க. 2014லேயே யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்கள் ஏறிருச்சு, ஆனா பட்டியல் இருக்கறதால மட்டும் எந்த வீடும் நிக்காது. வீட்டுக்குள்ள வளர்ற பிள்ளைக்கும் தெருவுல வளர்ற பிள்ளைக்கும் அது என்னன்னு தெரியணும், இல்லைன்னா விக்கிறப்ப தடுக்க ஆள் இருக்காது.

ஒரு நாள் கூடுதலா கிடைச்சா புதுக்கோட்டைப் பக்கம் கூட்டிட்டுப் போங்க. சித்தன்னவாசல்ல குகைக்கூரைல தாமரைக்குளம் வரைஞ்சிருக்கும், 9ஆம் நூற்றாண்டு, மீன், வாத்து, யானை, எருமை, பூப்பறிக்கிற ஆளு, எல்லாம் இருக்கும், பிள்ளைகளை அண்ணாந்து பார்த்து எண்ணச் சொன்னா போதும். திருக்கோகர்ணத்துல அரசு மியூசியம் 1910லேருந்து இருக்கு, வெள்ளிக்கிழமை லீவு, பார்த்துப் போங்க. மதுரைப் பக்கமா திரும்புறவுக கீழடி மியூசியம் போகலாம், 2023 மார்ச்சுல திறந்தது, கட்டடமே செட்டிநாட்டு வீட்டுப் பாணில கட்டியிருக்காக. உங்க வீட்டைப் பார்த்துட்டு அங்க போற பிள்ளை "இது நம்ம வளவு மாதிரியே இருக்கே"ன்னு சொல்லும். சென்னைக்குத் திரும்புறவுகளுக்கு முட்டுக்காடு தட்சிணசித்ரா இருக்கு, 1996ல திறந்தது, இங்கேருந்து பிரிச்சு எடுத்துட்டுப் போயி மறுபடி கட்டின செட்டியார் வீடு ஒண்ணு அங்க நிக்குது, பிள்ளைகளுக்குக் கைவேலையும் சொல்லித் தர்றாக.

தேவகோட்டை ட்ராயிங் மாஸ்டர்:

டீச்சர் சொன்னதை நான் முதல்லயே சொல்லிருக்கணும். என் சர்வீஸ் முழுக்க ஊர்ப் பிள்ளைகளைத்தான் வச்சிருந்தேன், ஆனா பூட்டின வீட்டுச் சாவியை ஒரு தடவைகூட நான் கேட்டதில்ல. அம்மா, அட்டையும் பென்சிலும் என் செலவு, அம்பது பிள்ளைக்குக் கொண்டு வர்றேன். நானும் வர்றேன்.

வளவுக்கோலம்:

எல்லாருக்கும் நன்றி சொல்லித்தான் இதை ஆரம்பிக்கணும். போன சனிக்கிழமை நடந்து முடிஞ்சுது. பங்காளி வீட்டுப் பிள்ளைக இருபத்தி மூணு, ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக பதினாறு. ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிடுறதுக்கு முதல்ல ரெண்டு மூணு பேரு முகம் சுளிச்சாக, எங்க மாமனார்தான் "வாசலைத் திறந்து வைக்கத்தானே வீடு"ன்னு முடிச்சு வச்சாக.

நிலைவாசலுக்குத்தான் நேரம் முழுக்கப் போச்சு. ஆசாரி ஒருத்தர் வந்திருந்தாரு, அறுபது வயசு இருக்கும், கூலி பேசித்தான் கூப்பிட்டேன். அவரு பேசவே இல்ல, உளியை எடுத்து ஒரு வேப்பந்துண்டுல இலை ஒண்ணு செதுக்கிக்கிட்டே இருந்தாரு, பிள்ளைக அதையும் நிலையையும் மாத்தி மாத்திப் பார்த்து வரைஞ்சுதுக. பாதி வழில ஊர்ப் பையன் ஒருத்தன், நாலாப்பு, எந்திரிச்சுப் போயி "வலது பக்கம் கீழேருந்து மூணாவது இலைக்கு நரம்பு இல்ல"ன்னான். எல்லாரும் போயிப் பார்த்தோம். நிஜமாவே இல்ல, சுத்தி இருக்கற இலைக்கெல்லாம் நடு நரம்பும் கிளை நரம்பும் இருக்கு, அது மட்டும் மொழுமொழுன்னு விட்டிருக்கு. ஆசாரி விரலை வச்சுத் தடவிப் பார்த்துட்டு, "இங்க கணு இருக்கு, உளி வச்சா சிலும்பு எந்திரிச்சுரும், அதான் விட்டுட்டாரு"ன்னாரு. நூறு வருசத்துக்கு முன்னாடி அந்த இடத்துல ஒருத்தர் உளியை வச்சுட்டு யோசிச்சு எடுத்திருக்காரு. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. சிங்கப்பூர்ப் பையன் ஒருத்தன் அந்த இலையைத் தவிர வேற எதையும் வரைய மாட்டேன்னு உக்காந்துட்டான்.

துப்பாக்கிச் சிப்பாய் கேட்ட பொண்ணுக்கு மாஸ்டர் சார் பதில் சொன்னாரு. அவ வரைஞ்ச வாசல்ல ஒரு பக்கம் அவ அப்பத்தா, இன்னொரு பக்கம் நாய்.

ஜரிகைப் படத்துக்கிட்ட ஆச்சி சொன்ன மூணு கேள்வியும் கேட்டேன். அதைத் தச்சது எங்க மாமனாரோட பெரியாத்தான்னு அங்கதான் எனக்கே தெரிய வந்துச்சு, ஒரு பெரியவுக பின்னாடி நின்னு கேட்டுட்டு இருந்தவுக சொன்னாக, பர்மாவுக்குப் போனவரு திரும்பி வர்றதுக்குள்ள தச்சு முடிச்சாகளாம். பேரை எழுதிப் படத்துக்குக் கீழ சுவர்ல மாட்டிருக்கேன். கோலம் பங்காளி வீட்டுப் பெரியம்மா ரெண்டு பேரு சொல்லிக் கொடுத்தாக, பலவான்குடி ஆயா சொன்ன மாதிரி காயுற வரைக்கும் காத்திருந்தோம், வெள்ளை எழும்புனப்ப பிள்ளைக கத்தின கத்து தெருவுக்கே கேட்டிருக்கும். கல்லு அச்சுல பதினொரு பேரு நிஜக் கல்லு போட்டாக, தண்ணித் தொட்டில கிடக்கு, தம்பி பார்த்துக்கிறாரு. கிணத்தடிக்குப் போற நடைல பதிக்கலாம்னு சொல்லிட்டாக.

விட்டுப் போனதுன்னா பூச்சுதான். பிள்ளைக சுவர்ல கன்னம் வச்சுப் பார்த்துச்சுக, கொத்தனார் மகள் டீச்சர் அவுக தாத்தா கட்டைவிரலைப் பத்திச் சொன்னாக, ஆனா செஞ்சு காட்ட ஆள் கிடைக்கல. கார்த்திகைக்கு அப்புறம் பிள்ளையார் நோன்புக்கு மறுபடி ஊருக்கு வர்றோம், அப்ப ஒரு சின்னச் சுவர்ல மூணு அடுக்காவது பூசிக் காட்டணும். முட்டைப் பூச்சு கைல தெரிஞ்ச பெரியவுக காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் யாராவது இருந்தா சொல்லுங்க, வண்டி அனுப்பிக் கூட்டிட்டு வர்றேன், எத்தனை நாள் ஆகும்னு அவுக சொல்ற கூலி.